உப்புநீரா, மருந்தா? சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் மருந்தைச் சோதிக்கும் விதம்

2008 ஜனவரி முதல் 2012 ஆகஸ்டு வரை அமெரிக்காவின் 23 மருத்துவமனைகளில் ஒரே மாதிரி ஒரு காரியம் நடந்துவந்தது. சிறுநீர்ப்பையில் இருந்த கட்டியைச் சீவி எடுத்து முடித்த மூன்று மணி நேரத்துக்குள், கேத்தீட்டர் வழியாக 100 மில்லி திரவத்தை உள்ளே விடுவார்கள். குழாயை ஒரு மணி நேரம் அடைத்து வைத்திருந்து, பிறகு திறந்து வடித்துவிடுவார்கள். அவ்வளவுதான். பாதிப் பேருக்கு அந்தத் திரவத்தில் ஜெம்சிடாபின் என்ற கீமோ மருந்து 2 கிராம் கலந்திருந்தது. மீதிப் பேருக்குப் போனது வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று படுத்திருப்பவருக்கும் தெரியாது, செலுத்திய டாக்டருக்கும் தெரியாது. ஜெம்சிடாபின் கரைசல் பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும் என்பதால் இந்த மறைப்பு முடிந்தது. இதே வேலைக்கு வெகுகாலமாகப் பயன்படும் மைட்டோமைசின் என்றால் ஊதா நிறம். மருந்துப் பையைப் பார்த்தவுடனேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம், இந்த நோய்க்கு உள்ள கெட்ட பழக்கம். எடுத்தாலும் திரும்பி வரும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று கண்டறியப்படுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு, முதலில் பார்க்கும்போது நோய் பையின் உட்சவ்வோடு நிற்கிறது; தசைக்குள் இறங்கியிருப்பதில்லை. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போகும். ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு, நின்றுபோனதும் மறந்துவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஒருவழியாக டாக்டரிடம் போனால் ஸ்கேன், கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி, அப்புறம் சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கட்டியைச் சீவி எடுக்கும் ஆபரேஷன். வயிற்றில் தையல் கிடையாது, சில நாட்களில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆளுக்கு நிம்மதி வரும் நேரத்தில் டாக்டர் சொல்வார்: “மூணு மாசம் கழிச்சு வாங்க, திரும்ப உள்ளே விட்டுப் பார்க்கணும்.”

அந்தப் பார்வை வருடக்கணக்கில் தொடரும். ஐரோப்பாவில் ஏழு சோதனைகளில் பங்கேற்ற 2,596 பேரின் விவரங்களை வைத்து 2006இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆபத்து மிகக் குறைந்த பிரிவிலேயே ஐந்து வருடத்துக்குள் 31 சதவீதம் பேருக்குக் கட்டி மறுபடி வந்தது. மிக அதிக ஆபத்துள்ள பிரிவில் அது 78 சதவீதம். இது திரும்பி வரும் கணக்கு. தசைக்குள் இறங்கி முற்றிப்போகும் கணக்கு தனி: ஒரு சதவீதத்துக்கும் கீழே தொடங்கி 45 சதவீதம் வரை. திரும்புவது வேறு, முற்றுவது வேறு. முதலாவது பெரும்பாலும் தொல்லை. இரண்டாவதுதான் உயிரைத் தொடுவது. புது மருந்து பற்றிய செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவது வழக்கம்.

ஏன் திரும்புகிறது? ஆபரேஷனில் கண்ணுக்குத் தப்பிய சிறு கட்டி மிச்சம் இருந்திருக்கலாம். சீவும்போது உதிர்ந்த செல்கள், பைக்குள் விட்டிருக்கும் தண்ணீரிலேயே மிதந்து, காயம்பட்ட இடத்தில் ஒட்டி முளைக்கலாம். மூன்றாவது இன்னும் அடிப்படையானது. புகையிலைப் புகையில் இருக்கும் நச்சுகளைச் சிறுநீரகம் வடிகட்டிச் சிறுநீரில் தள்ளுகிறது. பை அதை மணிக்கணக்கில் தேக்கி வைக்கிறது. பல வருடங்கள் அதில் ஊறிய சவ்வு ஒரு மூலையில் மட்டுமா கெட்டுப்போகும்? இங்கே ஒன்றைப் பிடுங்கினால் அங்கே ஒன்று முளைக்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுத்விக் ரேன் 1895லேயே சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இந்த நோய் கூடுதலாக வருவதைச் சுட்டிக்காட்டியதற்கும் அடிப்படை இதுதான்: உடம்புக்குள் போன விஷம் வெளியேறும் வழியில் பை இருக்கிறது.

உப்புநீர்க் கதைக்கு வருகிறேன். 406 பேரைக் கணக்கில் எடுத்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு வருடத்தில் ஜெம்சிடாபின் பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கும், உப்புநீர் பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்கும் கட்டி திரும்பியிருந்தது. வீரியம் குறைந்த வகைக் கட்டி இருந்தவர்களை மட்டும் பார்த்தால் 34க்கு 54. ஆபரேஷன் அன்றே, ஒரே ஒரு முறை, விலை மலிவான ஒரு பழைய மருந்தைக் கொடுத்ததில் கிடைத்த பலன் இது. கேள்விக்கு இடமில்லாத வெற்றி.

ஆனால் நான் நின்று பார்ப்பது இன்னொரு எண்ணை. உப்புநீர் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்குத் திரும்பியது என்றால், 53 சதவீதம் பேருக்கு நான்கு வருடமாகத் திரும்பவில்லை என்று பொருள். அவர்களுக்கு உப்புநீருக்குப் பதில் வாழைத்தண்டுச் சாறு கொடுத்து அனுப்பியிருந்தால்? ‘நூற்றில் ஐம்பது பேருக்கு மேல் குணம், கட்டி வரவே இல்லை’ என்று போர்டு மாட்டலாம். சொல்கிறவர் பொய் சொல்லியிருக்கவும் மாட்டார். குணமான ஆட்களை வரிசையாக நிறுத்திக்கூடக் காட்டலாம். சாறு எதுவும் செய்யவில்லை என்பது மட்டும்தான் அந்த வரிசையில் தெரியாது. தானாகவே கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு வருவதும், சிலருக்கு வராமலே போவதும் இந்த நோயின் இயல்பு. அதனால்தான் ‘இத்தனை சதவீதம் பேருக்குத் திரும்பவில்லை’ என்று யார் சொன்னாலும், பக்கத்தில் எதை வைத்து ஒப்பிட்டார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதே சோதனை காட்டாததும் உண்டு. தசைக்குள் முற்றியவர்கள் ஜெம்சிடாபின் தரப்பில் 5, உப்புநீர் தரப்பில் 10. இறந்தவர்கள் 17க்கு 25. பார்வைக்கு மருந்தின் பக்கம் சாய்வதுபோல் இருந்தாலும், இவ்வளவு சின்ன எண்களில் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் ஆய்வாளர்கள் அதை வெற்றியாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

வீரியம் கூடிய வகைக்கு இந்த ஒரு மணி நேரக் குளியல் போதாது. அங்கே இன்றும் முன்னால் நிற்பது நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான ஒன்று: பிசிஜி. பிறந்தவுடன் இடது தோளில் போட்டுத் தழும்பாகிக் கிடக்கும் அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமிதான். பிரான்ஸின் லீல் நகரில் கால்மெட்டும் குவெரினும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருடம் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியம் போக்கி, 1921இல் முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். அதைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்த்து 1976இல் எழுதியவர் கனடாவின் கிங்ஸ்டனில் இருந்த யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான டாக்டர், ஆல்வரோ மொராலெஸ். அவரிடம் இருந்தது ஒன்பது நோயாளிகள். எல்லோருக்கும் சேர்த்து, சிகிச்சைக்கு முந்திய 77 மாதங்களில் 22 முறை கட்டி வந்திருந்தது. சிகிச்சைக்குப் பிந்திய 41 மாதங்களில் ஒரே ஒரு முறை.

வாரம் ஒன்றாக ஆறு வாரம் என்பது அவர் வைத்த கணக்கு. இன்றைக்கும் உலகம் முழுக்க பிசிஜி அப்படித்தான் தொடங்குகிறது. ஏன் ஆறு? பக்க விளைவுகள் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டதால் வாரம் ஒருமுறை. அவருக்கு வந்த தடுப்பூசிப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்ததால் ஆறு வாரம். இதற்குமேல் ஒரு ரகசியமும் இல்லை.

எடுத்துக்கொள்கிறவருக்கு அது அவ்வளவு சுலபமில்லை. கேத்தீட்டர் போட்டு உயிருள்ள கிருமியை உள்ளே விட்டதும் இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், தெறிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கக்கூசில் பிளீச் ஊற்றி வைக்க வேண்டும். அன்று சாயங்காலம் எரிச்சலும் லேசான காய்ச்சலும் வரும். பேரக்குழந்தையோடு ஒரே பாத்ரூமைப் பகிர்ந்துகொள்கிற வீட்டில் இதையெல்லாம் வாரம் தவறாமல் செய்வது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்பது பேரை வைத்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டது பலமான சான்று இல்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் புது சிகிச்சைக்கு வருவார். அதற்குப் பிறகு எது செய்தாலும் கொஞ்சம் தணிந்ததுபோலத்தான் தெரியும். பிசிஜியின் அதிர்ஷ்டம், ஆட்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் சோதனைகள் பின்னால் வந்தபோது அவற்றிலும் அது தேறியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1990இல் அனுமதி கொடுத்தது. அப்புறம் 2000இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஆறு வாரத்தோடு நிறுத்தியவர்களையும், அதன் பிறகு மூன்று வருடம் விட்டுவிட்டுத் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பாதிப் பேருக்கு நோய் திரும்ப ஆன காலம் முதல் தரப்பில் 35.7 மாதம், இரண்டாம் தரப்பில் 76.8 மாதம். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் தொடர் சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் ஏறக்குறைய 16 சதவீதம் பேர்தான். மேலே சொன்ன எரிச்சலும் பிளீச்சும் ஞாபகம் இருந்தால் இது ஆச்சரியமில்லை.

சரி, ஆறு குப்பி என்பதே தற்செயல்தானே, குறைத்துப் பார்த்தால் என்ன? நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் நிம்பஸ் என்ற சோதனை இதைத்தான் கேட்டது. முதல் வருடத்தில் வழக்கமான 15 முறைக்குப் பதிலாக 9 முறை. ஆறு வாரத்தில் முதல், இரண்டாம், ஆறாம் வாரங்களில் மட்டும் கொடுத்தார்கள். 345 பேர் சேர்ந்த நிலையில் சோதனையை நடுவிலேயே நிறுத்தும்படி ஆயிற்று: வழக்கமான தரப்பில் 12 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருக்க, குறைத்துக் கொடுத்த தரப்பில் 27 சதவீதம். பெட்டியின் அளவால் வந்த எண் சோதனையில் நிலைத்துவிட்டது. எனக்கு இந்த நோயின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். நோயாளிக்குச் சிரமம் குறைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் மட்டும் போதாது என்று காட்டியதால்.

இதே பிசிஜியைத் தமிழ்நாடு ஒப்பீட்டுச் சோதனையில் பார்த்த அனுபவம் இதற்கு நேர்மாறானது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய சோதனையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு பிசிஜி அல்லது போலி ஊசி போட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது முடிவு. ஏமாற்றம்தான். ஆனால் போலி ஊசித் தரப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்த உண்மை யாருக்கும் தெரிந்திருக்காது.

பிசிஜிக்கும் எல்லை உண்டு. கொடுத்தும் சிலருக்கு நோய் விடாமல் திரும்பும். அதற்குமேல் வழக்கமான பரிந்துரை, சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவது. எழுபது வயதுக்காரரிடம் ‘பையை எடுத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே பை மாட்டிக்கொள்ளுங்கள்’ என்றால் பலர் வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். இவர்களுக்கான மருந்தை எப்படிச் சோதிப்பது? பாதிப் பேருக்கு உப்புநீர் கொடுத்து முற்றும்வரை வேடிக்கை பார்ப்பது நியாயமில்லை. ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்குப் பையை அகற்றுவது என்று குலுக்கிப் போட்டால் யாரும் சேர மாட்டார்கள்.

2018இல் எஃப்டிஏ இதற்கு ஒரு வழி சொன்னது. உட்சவ்வில் தட்டையாகப் பரவும் ஒரு வகை உண்டு. அதைச் சீவி முழுதாக எடுக்க முடியாது, தானாக மறைவதும் அரிது. அந்த வகை இருப்பவர்களுக்கு மருந்து கொடுத்து நோய் அடையாளமே இல்லாமல் மறைந்தால், அது மருந்தின் வேலை என்று ஏற்கலாம். ஒப்பீட்டுத் தரப்பு இல்லாமலே சோதிக்கலாம். தர்க்கம் சரியானதுதான். அந்தக் கதவு வழியாக வரிசையாக மருந்துகள் வந்தன. நோய் எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் மரபணுவை வைரஸில் ஏற்றி உள்ளே அனுப்பும் நடோஃபாரஜீன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 2022 டிசம்பரில் அனுமதி. 51 சதவீதம் பேருக்கு நோய் மறைந்தது. பிசிஜியோடு சேர்த்துக் கொடுக்கும் என்-803, 2024 ஏப்ரலில், 62 சதவீதம். டார்-200, 2025 செப்டம்பரில், 82 சதவீதம். இந்தக் கடைசியில் இருப்பது வேறெதுவும் இல்லை, தொடக்கத்தில் பார்த்த அதே ஜெம்சிடாபின்தான். முறுக்கு மாதிரி சுருண்டிருக்கும் சிறு சாதனத்துக்குள் 225 மில்லிகிராம் வைத்து, கேத்தீட்டர் போன்ற குழாய் வழியாகப் பைக்குள் நுழைத்துவிடுகிறார்கள். அது மூன்று வாரம் உள்ளேயே இருந்து மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. ஒரு மணி நேரக் குளியல் மூன்று வார ஊறலாக மாறியிருக்கிறது.

51, 62, 82. கடைசி மருந்துதான் முதலிடம் என்று தோன்றும். அப்படிப் படிக்கவே கூடாது. மூன்றும் வெவ்வேறு ஆட்களிடம் எடுத்த எண்கள். என்-803 சோதனையில், முதல் சுற்றில் நோய் போகாதவர்களுக்கு இரண்டாம் சுற்று கொடுக்க இடம் இருந்தது. நடோஃபாரஜீன் சோதனையில் ஒரு வருட முடிவில் பையின் பல இடங்களில் சதை எடுத்துப் பார்ப்பது கட்டாயம். எல்லாச் சோதனைகளிலும் அந்தக் கட்டாயம் இல்லை. வலை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மீன் மாட்டும். அதோடு, மறைவது ஒரு பக்கம், மறைந்தே இருப்பது இன்னொரு பக்கம். டார்-200 கொடுத்து நோய் மறைந்தவர்களில் ஒரு வருடமாவது அப்படியே இருந்தவர்கள் 51 சதவீதம். 82இல் பாதி என்றால், மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பேர் சொச்சம். தலைப்புச் செய்தியில் இந்த இரண்டாவது கணக்கு வருவதில்லை.

இந்தத் தர்க்கம் கொஞ்சம் நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு 2025இல் ஒரு காட்சி கிடைத்தது. யுஜிஎன்-102 என்பது மைட்டோமைசினை ஒரு ஜெல்லில் கலந்தது. குளிர்ச்சியாக இருக்கும்போது திரவம், உடம்புச் சூட்டில் கெட்டியாகும். வீரியம் குறைந்த, திரும்பத் திரும்ப வரும் கட்டிகளை ஆபரேஷன் இல்லாமலே கரைக்க இதை வாரம் ஒன்றாக ஆறு முறை விட்டார்கள். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குக் கட்டி காணாமல் போனது. கரைத்தது ஜெல்தான், சந்தேகமில்லை. அதன் பிறகு பல மாதம் வராமல் இருந்ததே, அதற்கும் காரணம் ஜெல்லா? ஆபரேஷன் செய்திருந்தாலும் அவ்வளவு காலம் வராமல் இருந்திருக்குமோ? பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்தச் சோதனையில் ஒரு தரப்பு இல்லை. மே மாதம் கூடிய எஃப்டிஏ ஆலோசனைக் குழு 5க்கு 4 என்று எதிராக வாக்களித்தது. ஜூனில் எஃப்டிஏ அனுமதி கொடுத்துவிட்டது. அடிக்கடி மயக்கமருந்து கொடுத்து மேஜையில் படுக்க வைக்க முடியாத முதியவர்களை நினைத்தால் அனுமதியின் நியாயம் புரிகிறது. என் மனம் என்னவோ அந்த ஐந்து பேர் பக்கம்தான். உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத வகையில், ஒப்பிட்டுப் பார்க்க எந்தத் தடையும் இருக்கவில்லை.

ஒப்பீட்டுக்கு இடம் இருந்தபோது என்ன நடக்கும் என்பதையும் அதே வருடம் காட்டியது. பிசிஜி இதற்கு முன் பெறாத அதிக ஆபத்துக்காரர்களுக்கு, அதோடு நோய் எதிர்ப்புச் செல்களை முடுக்கிவிடும் ஊசி ஒன்றையும் சேர்த்தால் என்ன? மூன்று தனித்தனி சோதனைகள், ஏறக்குறைய ஒரே யோசனை. டுர்வாலுமாப் சேர்த்த பொட்டோமாக் சோதனையில் 1,018 பேர். நோய் திரும்பும் ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சசான்லிமாப் சேர்த்த கிரெஸ்ட் சோதனையில் 1,055 பேர். கிட்டத்தட்ட அதே அளவு பலன். அட்டிசோலிசுமாப் சேர்த்த அல்பான் சோதனையில் 517 பேர். பலன் எதுவும் இல்லை. மூன்றாவது மட்டும் தனியாக வந்திருந்தால் யோசனையே தப்பு என்று மூடியிருப்பார்கள். பொட்டோமாக் எண்களை இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: இரண்டு வருட முடிவில் நோய் இல்லாமல் இருந்தவர்கள் ஊசி சேர்த்தவர்களில் ஏறக்குறைய 87 சதவீதம், பிசிஜி மட்டும் பெற்றவர்களில் 82. ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று சொன்னாலும் சரி, ‘நூற்றுக்கு ஐந்து பேர்’ என்று சொன்னாலும் சரி, இரண்டும் ஒரே முடிவுதான். அந்த ஐந்து பேருக்காக நூறு பேரும் ஊசியின் பக்க விளைவுகளைச் சுமக்க வேண்டும் என்பதால், டாக்டர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் பிசிஜிக்கே தட்டுப்பாடு. டொரண்டோவில் இருந்த சனோஃபி மருந்து நிறுவனத்தின் ஆலையில் 2012இல் உற்பத்தி நின்றது. 2017இல் அந்த நிறுவனம் இந்தத் தயாரிப்பைவிட்டே விலகியது. அமெரிக்காவுக்கு மிஞ்சியது மெர்க் ஒன்றுதான். கிருமியை வளர்த்து எடுக்கவே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அவசரத்துக்கு உற்பத்தியைக் கூட்டவும் முடியாது. குப்பி கிடைக்காத யூராலஜிஸ்டுகள் கையில் இருந்ததைக் கொண்டு சமாளித்தார்கள்: முதலில் ஜெம்சிடாபின், அதை வடித்தவுடன் டோசிடாக்சல். இரண்டுமே காப்புரிமை முடிந்த, மலிவு மருந்துகள். அயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள் வளர்த்தெடுத்த இந்த முறை, பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தபோது பிசிஜிக்குச் சளைத்ததாகத் தெரியவில்லை.

ஒன்று சரியாகத் தோன்றுவதற்கும் உண்மையில் அப்படி இருப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை நிம்பஸ் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. அதனால் 2022இல் பிரிட்ஜ் என்ற சோதனையைத் தொடங்கினார்கள். அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தரும் பணத்தில் நடப்பது. இந்த இரண்டு மருந்துகளுக்கும் செலவழிக்க எந்தக் கம்பெனிக்கும் ஆசை இருக்க வாய்ப்பில்லை. 870 பேரை இரண்டாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு தரப்புக்கு பிசிஜி, மறு தரப்புக்கு ஜெம்சிடாபினும் டோசிடாக்சலும் என்பது திட்டம். இந்த முறை யாருக்கு எது என்று மறைக்க முடியாது: ஒருவர் வீட்டுக்குப் போய்க் கக்கூசில் பிளீச் ஊற்றுவார், இன்னொருவர் இரண்டு மருந்துகளையும் அடுத்தடுத்து அடக்கி வைத்துக்கொண்டு கிளினிக் படுக்கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் ஒரே சிஸ்டோஸ்கோப்பி மேஜைக்கு வருவார்கள்.